ஐம்பது வயது எக்கோ சங்கமும் என் சந்தாவும்

கிரீம்ஸ் ரோட்டுக்குப் பின்னால், லாட்ஜ் வாசல்களில் வங்காள மொழியில் போர்டு தொங்கும் தெரு ஒன்றில், ஒரு டயக்னாஸ்டிக் சென்டரில் எக்கோ டெக்னீஷியனாக இருக்கிறேன், அதாவது அல்ட்ராசவுண்டில் இதயத்தைப் படம் எடுக்கும் வேலை. 18 வருடம் ஆகிறது. "இடது பக்கம் திரும்பிப் படுங்க, மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்க" என்பதைத் தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம் என்று நாலு மொழியிலும் சொல்ல வரும். இதில் கடைசி 7 வருடமாக அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் எக்கோகார்டியோகிராபி என்ற சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறேன். சுருக்கமாக ஏ.எஸ்.இ. சந்தா டாலரில். சென்டர் தருவதில்லை, சீட்டுப் பணத்திலிருந்து நானே எடுத்து வைக்கிறேன்.

"அமெரிக்காவில் இருக்கிற சங்கத்துக்கு இங்கே உட்கார்ந்துகொண்டு ஏன் பணம் கட்டுகிறாய்?" என்று என் கணவரில் தொடங்கி எங்கள் லேப் பெண்கள் வரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சங்கத்துக்கு 2025-இல் 50 வயது நிறைந்தது. செப்டம்பரில் நாஷ்வில் நகரத்தில் கூட்டம் போட்டார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று, வாங்கிப் பார்த்த பொருளைப் பற்றிச் சொல்வதுபோல இதை எழுதுகிறேன்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதற்கு ஒரு ஆட்டோ டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வியாசர்பாடிக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, மூன்று மாதம் கழித்து எக்கோவுக்கு வந்தார். எடுத்தேன். எக்கோவுக்கு வருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பம்பிங் எவ்வளவு?" இதயம் தன்னிடம் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. வால்வு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். 58 என்றேன். சந்தோஷமாகப் போனார். பத்து நாளில் திரும்பி வந்தார், கையில் இரண்டு காகிதம். ஒன்று எங்களுடையது, இன்னொன்று வேறு ஒரு இடத்தில் எடுத்தது. அதில் 40 என்று இருந்தது. இரண்டையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "சிஸ்டர், இதுல எது நிஜம்? நான் வண்டி ஓட்டலாமா கூடாதா?" என்றார்.

தப்பு என் பக்கம். மார்பெலும்பின் இடது ஓரத்தில் ப்ரோப்பை, அதாவது கையில் பிடித்து நெஞ்சில் வைக்கும் கருவியை, வைத்து எம்-மோட் என்ற ஒற்றைக் கோட்டைப் போடுவோம். அந்தக் கோட்டில் இதய அறை விரியும்போது எவ்வளவு, சுருங்கும்போது எவ்வளவு என்று இரண்டு அளவு எடுத்தால் மெஷினே ஒரு சூத்திரத்தில் போட்டு பம்பிங் சதவீதத்தைக் காட்டிவிடும். அரை நிமிட வேலை. எனக்குச் சொல்லித் தந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், நானும் எட்டு வருடம் அப்படியே செய்தேன். ஆனால் அந்தக் கோடு இதயத்தின் அடிப்பாகத்தை மட்டும்தான் வெட்டிப் போகிறது. அவருக்கு அடைபட்டது முன்பக்க ரத்தக்குழாய். அது அடைபட்டால் செத்துப்போவது பெரும்பாலும் நுனிப் பக்கத்துத் தசை. என் கோடு அந்தப் பக்கமே போகவில்லை. பீச் ஸ்டேஷனில் பெட்டி காலியாக இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, தாம்பரம் வரைக்கும் காலிதான் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அவரை மறுபடி படுக்க வைத்தேன். நுனியிலிருந்து இரண்டு கோணத்தில் படம் எடுத்து, அறையின் உள் ஓரத்தைச் சுற்றி வரைந்து, அப்பளம் அடுக்கின மாதிரி மெல்லிய வட்டுகளாக அடுக்கிக் கணக்குப் போடும் சிம்ப்ஸன் முறையில் அளந்தேன். 41 வந்தது. டாக்டர் மருந்தை மாற்றினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு வருடத்தில் இப்படி எத்தனை பேரைச் சந்தோஷமாக அனுப்பி வைத்திருப்பேன் என்ற யோசனைதான்.

இது நடந்தது 2015-இல். அந்த வருடம்தான் ஏ.எஸ்.இ.யும் ஐரோப்பியச் சங்கமும் சேர்ந்து இதய அறைகளை அளப்பதற்கான வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டிருந்தன. எங்கள் டாக்டர் அதை அனுப்பி வைத்தார். நான் செய்துகொண்டிருந்த அந்தப் பழைய சூத்திரத்தை நோயாளிகளுக்கு இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அதில் பச்சையாக எழுதியிருந்தது. சாதாரண பம்பிங் ஆண்களுக்கு 52 முதல் 72, பெண்களுக்கு 54 முதல் 74 என்றும் போட்டிருந்தது. பெண்களுக்குத் தனி அளவு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த வழிகாட்டி இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சந்தா கட்டியவர்களுக்குத்தான் என்று அதைப் பூட்டி வைக்கவில்லை. எனக்கு அந்தச் சங்கத்தின் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்.

அப்புறம் அது எப்படி உண்டாயிற்று என்று தேடிப் படித்தேன். இந்தத் தொழிலே இரவல் மெஷினில் பிறந்தது. 1953-இல் ஸ்வீடனில் லுண்ட் நகரத்து டாக்டர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் பார்க்க வைத்திருந்த கருவியைக் கடன் வாங்கித்தான் முதலில் இதயத்தின் எதிரொலியைப் பார்த்தார்கள். பத்து வருடம் கழித்து, 1963-இல், அமெரிக்காவில் இண்டியானாவைச் சேர்ந்த ஹார்வி ஃபைகன்பாம் என்ற இளம் டாக்டர் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். இதயத்தின் கொள்ளளவை அல்ட்ராசவுண்டில் அளக்கலாம் என்றது விளம்பரம். போய்ப் பார்த்தால் அந்த மெஷினுக்கு அது முடியாது. ஆனால் ப்ரோப்பைத் தன் நெஞ்சிலேயே வைத்தவருக்குத் திரையில் ஏதோ ஒன்று அசைவது தெரிந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பி, மூளைப் பிரிவில் சும்மா கிடந்த ஒரு மெஷினை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். 1965-இல் இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருப்பதை இந்த முறையில் கண்டுபிடிக்கலாம் என்று கட்டுரை எழுதினார். 1972-இல் பாடப்புத்தகம். 1975-இல் இந்தச் சங்கம்.

சங்கம் தொடங்கி மூன்று வருடத்துக்குள் அவர்கள் செய்த ஒரு வேலைதான் என்னை மிகவும் தொட்டது. ஒரே எம்-மோட் படங்களைப் பல இடங்களில் இருந்த எக்கோக்காரர்களுக்கு அனுப்பி, அளந்து அனுப்பச் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவு வந்தது. கோட்டின் எந்த ஓரத்திலிருந்து எந்த ஓரம் வரை அளப்பது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. அதன் பிறகுதான் 1978-இல், எல்லோரும் இப்படி அளப்போம் என்று ஒரு பரிந்துரையை வெளியிட்டார்கள். அதைப் படிக்கும்போது என் மேஜையில் இருந்த அந்த இரண்டு காகிதமும் கண் முன்னால் வந்தன. நான் பிறப்பதற்கு முன்பே ஒரு கூட்டம் இதே பிரச்சினையை மேஜையில் வைத்து உட்கார்ந்து தீர்த்திருக்கிறது.

சரி, சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது? டாக்டர்களுக்கு ஒரு கட்டணம், ப்ரோப் பிடிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. மாதா மாதம் ஜேஸ் என்று எல்லோரும் கூப்பிடும் ஆய்விதழ் வருகிறது, 1988-இலிருந்து வருவது. 2017-இலிருந்து கேஸ் என்று தனியாக இன்னொரு இதழ் இருக்கிறது. அதில் ஒவ்வொரு நோயாளியின் கதையையும் படத்தோடு போடுகிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது கேஸைத்தான். ஜேஸில் புள்ளிவிவரப் பகுதி எனக்கு இன்னும் கடினம்தான். படங்களையும் முறையையும் படித்துவிட்டு முடிவுரைக்குத் தாவிவிடுவேன். வகுப்புகளின் பதிவுகளை ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு போனில் பார்ப்பேன். நேரலை என்றால் கஷ்டம். அங்கே கிழக்குக் கரையில் சாயங்காலம் 7 மணி என்றால் நமக்கு விடிகாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. அது யாருடைய தவறும் இல்லை, ஆனால் 6.10 ரயிலைப் பிடிக்கிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் சுவர் போஸ்டர்கள் நல்லவை. எங்கள் அறையில் ஏ.சி.க்குக் கீழே இரண்டு ஒட்டியிருக்கிறோம். வால்வுச் சுருக்கத்தை அளக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் போதும்.

ஆனால் இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. 2019-இல், பெரியவர்களுக்கு முழு எக்கோ எப்படி எடுக்க வேண்டும் என்று 64 பக்க வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார்கள். ப்ரோப்பை எந்தக் கோணத்தில் திருப்புவது, எந்தப் படத்தை எந்த வரிசையில் சேமிப்பது என்பது வரை அதில் இருக்கிறது. அதன் முதல் ஆசிரியர் கேரல் மிட்செல் ஒரு சோனோகிராபர். அமெரிக்காவில் எங்கள் வேலைக்கு அதுதான் பெயர். டாக்டர்கள் அடங்கிய குழுவில், ப்ரோப் பிடிப்பவர் ஒருவரின் பெயர் முதலில். உலகம் முழுக்க டாக்டர்களும் அதைப் பின்பற்றுகிறார்கள். நம் ஊரில் ரிப்போர்ட்டின் அடியில் டெக்னீஷியன் பெயரைப் போடுவதற்கே பல இடங்களில் யோசிக்கிறார்கள். அந்த 64 பக்கத்தை அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, ஜெல் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மூலையெல்லாம் ஜெல் பட்டு வீங்கிவிட்டது.

2020-ஐயும் சொல்ல வேண்டும். கொரோனா வந்த முதல் வாரங்களில், நோயாளியின் முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏ.எஸ்.இ. சீக்கிரமே ஓர் அறிக்கை கொடுத்தது. நோயாளிக்கு உண்மையில் பயன்படும் எக்கோவை மட்டும் எடுங்கள், தேவையான படத்தை மட்டும் எடுத்துவிட்டு வெளியே வாருங்கள், எடுப்பவரின் பாதுகாப்பும் முக்கியம் என்று. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் எங்கள் சென்டரில் வழக்கமான செக்கப் எக்கோக்களை நிறுத்த வைத்தோம். அப்போது எனக்குச் சின்னக் குழந்தை. அந்த நன்றி மனதில் இருக்கிறது.

இனி குறைகள். முதலாவது, இது குளிர்நாட்டு இதயங்களைப் பார்த்து வளர்ந்த சங்கம். நம் நாட்டில் இன்னும் வாத காய்ச்சல் வால்வைத் தின்கிறது. ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வேலைக்கு வந்த இருபது வயதுப் பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து படுத்தால், மைட்ரல் வால்வு ஹாக்கி மட்டை மாதிரி வளைந்து நிற்கும். அந்த நோய்க்கென்று ஏ.எஸ்.இ. தனி வழிகாட்டி வெளியிட்டது 2023-இல், தன் 48-ஆவது வயதில். தாமதம்தான். ஆனால் வந்தது நன்றாக வந்தது. முதல் ஆசிரியரின் பெயர் நடேச பாண்டியன் என்று பார்த்ததும் அறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டாவது, அளவுகள். நாம் வைத்திருக்கும் சாதாரண அளவுகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் உடம்பில் எடுத்தவை. நாற்பது கிலோ எடையில் விழுப்புரத்துப் பாட்டி ஒருவர் வந்தால், அவருடைய இதய அறை கொஞ்சம் விரிந்திருந்தாலும் அட்டவணைப்படி "சாதாரணம்" என்று வந்துவிடும். இதைச் சங்கமே உணர்ந்து, மற்ற நாட்டுச் சங்கங்களோடு சேர்ந்து 15 நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட ஆரோக்கியமானவர்களை அளந்தது. இந்தியாவும் அதில் உண்டு. 2019-இலிருந்து முடிவுகள் வரத் தொடங்கின. ஆசியர்களின் இதய அறை சிறியது, உடம்பின் அளவுக்கு ஏற்பச் சரிசெய்த பிறகும் சிறியதுதான் என்று தெரிந்தது. நாங்கள் வருடக்கணக்காகக் கண்ணால் பார்த்து வந்தது எண்ணாகி வந்தது. அந்த எண்கள் மெஷினுக்குள்ளும் தினசரி ரிப்போர்ட்டுக்குள்ளும் இறங்கி வர வேண்டும். அடுத்த பத்து வருடத்தில் சங்கத்திடம் நான் எதிர்பார்க்கும் முதல் வேலை அது.

எதிர்காலம் என்றதும் எல்லோரும் பேசுவது ஏ.ஐ.தான். எங்கள் லேப் பெண்கள் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது, மறைக்க வேண்டியதில்லை. 2021-இல் வந்த ஆய்வு ஒன்றில், எக்கோவே எடுத்திராத 8 நர்ஸுகள், ப்ரோப்பை எங்கே நகர்த்துவது என்று திரையில் வழிகாட்டும் மென்பொருளை வைத்துக்கொண்டு 240 பேருக்குப் படம் எடுத்தார்கள், பெரும்பாலானவை பார்த்துச் சொல்லும் அளவுக்கு இருந்தன. 2023-இல் லாஸ் ஏஞ்சலஸில் 3,495 எக்கோக்களை வைத்து இன்னொன்று. பம்பிங்கின் முதல் அளவை யார் எடுத்தது என்று டாக்டருக்குச் சொல்லாமல் காட்டினார்கள். ஏ.ஐ. அளந்ததில் 16.8 சதவீதத்தையும், சோனோகிராபர் அளந்ததில் 27.2 சதவீதத்தையும் டாக்டர் பெரிதாகத் திருத்தினார். படித்தபோது வலித்தது. ஆனால் அந்த ஆட்டோ டிரைவர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால், திருத்தம் குறைகிற கணக்கு எனக்கும் வேண்டியதுதான்.

அதே நேரம் படத்தை எடுத்தது மனிதக் கைதான். நுனியைத் தவறவிட்டு, இதயத்தைக் குள்ளமாக வெட்டி எடுத்த படத்தைக் கொடுத்தால் எந்தக் கணக்கும் தப்பாகத்தான் வரும். குண்டான ஆள், நுரையீரல் பெருத்த பீடி குடிப்பவர், நெஞ்சில் கட்டுப் போட்டவர், இவர்களுக்கு விண்டோ, அதாவது இதயம் தெரியும் இடைவெளி, எளிதில் கிடைக்காது. விலா எலும்புகளுக்கு நடுவில் நகம் அளவு இடத்தைத் தேடிப் பிடிப்பதற்கு என் விரலுக்குப் பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது. அளப்பதை மெஷினிடம் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் நிமிடங்களை அந்தத் தேடலுக்குத் தர வேண்டும். அமெரிக்காவில் ஒரு முழு எக்கோவுக்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குகிறார்கள். எனக்கு இப்போது ஒரு ஆளுக்குக் கிடைப்பது 12 நிமிடம்.

சட்டைப் பையில் போகும் சின்ன எக்கோவும் வந்துவிட்டது. ஏ.எஸ்.இ.யின் தன்னார்வலர்கள் 2012 ஜனவரியில் ஹரியானாவில் சிர்சாவுக்கு வந்தார்கள். 9 சோனோகிராபர்கள் 2 நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எக்கோ எடுத்து, படங்களை இணையத்தில் ஏற்ற, பல நாட்டு டாக்டர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொன்னார்கள். இதை ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் நம்மால் செய்ய முடியும், கை தேர்ந்தவர்கள் சென்னையில் நிறைய இருக்கிறோம். ஒரு விஷயம்: கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் எல்லா அல்ட்ராசவுண்ட் மெஷினும் பதிவாக வேண்டும், நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பெண் குழந்தைகளுக்காக வந்த சட்டம், அது இருக்கத்தான் வேண்டும். நெஞ்சுக்கு மட்டும் பயன்படும் ப்ரோப்புக்கு முகாம் அனுமதியை எளிதாக்கும்படி அரசிடம் பேச ஒரு சங்கம் வேண்டும். அதை அமெரிக்கச் சங்கம் பேச முடியாது.

நமக்கு இந்தியன் அகாடமி ஆஃப் எக்கோகார்டியோகிராபி இருக்கிறது, அதற்கென்று ஆய்விதழும் இருக்கிறது. இந்திய டாக்டர்கள் அங்கே நல்ல வேலை செய்கிறார்கள். நான் கேட்பது அந்த மேஜையில் எங்களுக்கு இன்னும் நாற்காலிகள். 2021-இல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. இதயத் தொழில்நுட்பர்களும் அதில் வருகிறோம். பதிவேடும் ஒரே மாதிரிப் படிப்பும் ஒழுங்காக வந்துவிட்டால், இரண்டு காகிதப் பிரச்சினை பாதி தீரும்.

யார் சந்தா கட்டலாம்? படித்து முடித்து முதல் இரண்டு வருடத்தில் இருப்பவர்கள் கட்ட வேண்டாம். இலவச வழிகாட்டிகளே உங்களுக்கு இரண்டு வருடப் படிப்பு. 2015, 2019 இரண்டையும் அச்செடுத்து மெஷின் பக்கத்தில் வையுங்கள். அதன் பிறகும் பசி இருந்தால், மாதம் இரண்டு கட்டுரையாவது ஆங்கிலத்தில் உட்கார்ந்து படிக்கும் பொறுமை இருந்தால், சேருங்கள். வெளிநாட்டு வேலைக்கு உதவும் என்று மட்டும் சேராதீர்கள். அதற்குத் தேவை தகுதித் தேர்வு, உறுப்பினர் அட்டை இல்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று வாத காய்ச்சல் வழிகாட்டிக்காக நாங்கள் காத்திருந்த வருடங்களுக்கு.

இந்த வருடம் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். இதயம் விரிவதில் வரும் கோளாறைப் பார்ப்பதற்கான 2016 வழிகாட்டியை 2025 ஜூலையில் மாற்றி எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதமாக அதைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். திருவண்ணாமலையிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்குத்தான் முதல் பிரதி. போன வாரம் அவள் எடுத்த ஒரு பம்பிங் 55, நான் எடுத்தது 47. மறுபடியும் படுக்க வைத்து இரண்டு பேரும் சேர்ந்து நுனியைத் தேடினோம்.